குரலை விற்பதா, 11 மாதத்துக்கு விடுவதா, பூட்டி வைப்பதா?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு மெயில் வந்தது. அதே மெயில் அதே நாளில் என்னோடு அந்தேரியில் டப்பிங் பேசும் ஒரு தம்பிக்கும் போயிருக்கிறது. தாதரில் வண்டி மாற நின்றுகொண்டிருந்தபோது அவன் கூப்பிட்டான்.

"அக்கா, உங்களுக்கும் வந்துச்சா?"

"வந்துச்சு. படிச்சியா?"

"பதினாலு பக்கம்க்கா. ரேட்டு மட்டும் பார்த்தேன். கையெழுத்துப் போட்டுடவா?"

விஷயம் இதுதான். ஏஐ குரல் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்குத் தமிழ்க் குரல்கள் வேண்டும். 20 மணி நேரப் பதிவு. அவர்கள் எழுதித் தரும் வாக்கியங்களைச் சாதாரணமாக, சந்தோஷமாக, கோபமாக, கிசுகிசுவென்று, அழுகையை அடக்கிக்கொண்டு, அழுதுகொண்டே என்று வகைவகையாகப் படித்துக் கொடுக்க வேண்டும். மொத்தம் இரண்டரை லட்சம் ரூபாய், ஒரே தடவை. அதற்கப்புறம் அந்தப் பதிவிலிருந்து பிறக்கும் குரல் அவர்களுடையது, அது எங்கே எதைப் பேசினாலும் எனக்குச் சம்பந்தமில்லை.

மும்பையில் இருபது வருடமாகத் தமிழ் பேசிப் பிழைக்கிறேன். சென்னையில் இல்லாத தமிழ் வேலையா என்று ஊரில் கேட்பார்கள். நாடு முழுக்க ஓடும் விளம்பரங்களில் பலவற்றை இங்கேதான் ஹிந்தியில் எடுக்கிறார்கள், எடுத்த சூட்டோடு தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாவற்றையும் அந்தேரி, ஓஷிவாரா பக்கத்து ஸ்டுடியோக்களிலேயே பேசி முடித்துவிடுவார்கள். அது போக கார்ட்டூன், கம்பெனி வீடியோ, பயிற்சிப் பாடம், வங்கியின் ஐவிஆர். ("தமிழுக்கு எண் மூன்றை அழுத்தவும்" என்று உங்களை எரிச்சல்படுத்திய குரல் என்னுடையதாகக்கூட இருக்கலாம், மன்னித்துவிடுங்கள்.) தாராவியில் நயன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவள், அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்தவர், அதனால் வாயில் நெல்லைத் தமிழும் பம்பாய் ஹிந்தியும் சேர்ந்தே இருக்கிறது. அது எனக்குச் சோறு போட்டது.

இந்த மெயில் நம்மில் இன்னும் பலருக்கு வரப்போகிறது, சிலருக்கு ஏற்கெனவே வந்திருக்கும். அந்தத் தம்பிக்காக உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னென்ன வழி இருக்கிறது, ஒவ்வொன்றிலும் கைக்கு வருவது என்ன, கையை விட்டுப் போவது என்ன.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் பழையபடி இருந்துவிடலாம் என்பது பொய். வேலை போன வரிசையை நான் பார்த்தேன். முதலில் போனது ஸ்க்ராட்ச். விளம்பரத்தைக் கம்பெனிக்காரரிடம் காட்டி ஒப்புதல் வாங்க ஒரு ரஃப் குரல் போடுவோமே, அது. சின்னக் காசுதான், ஆனால் புதிதாக வருகிறவர்கள் அதில்தான் கை பழகினார்கள். அந்தத் தம்பியும் அப்படி வந்தவன்தான். இப்போது அதை ஏஜென்சிப் பையனே ஒரு மென்பொருளில் தட்டி எடுத்துக்கொள்கிறான். அப்புறம் பயிற்சிப் பாடங்கள் போயின, அப்புறம் ஐவிஆர். விளம்பரம் இன்னும் இருக்கிறது, ஆனால் நல்ல மாதத்தில் எட்டு ஒன்பது வந்த இடத்தில் எனக்கு இப்போது நான்கு வந்தால் பெரிது. ஆகவே ஒரு பக்கம் இந்த இரண்டரை லட்சம், மறுபக்கம் குறைந்துகொண்டே போகும் வருமானம். ஒப்பிடும்போது மறுபக்கத்தில் பழைய வருமானத்தைப் போட்டுக் கணக்குப் பார்க்கக் கூடாது.

சரி, முதல் வழி: மொத்தமாக விற்றுவிடுவது.

என் ரேட்டில் இரண்டரை லட்சம் என்பது சுமார் 25 விளம்பரம். இன்றைய நிலையில் ஆறேழு மாத வேலை, பத்து நாளில் கையில் வந்துவிடும். வாடகை பாக்கி இருப்பவருக்கு, வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு இருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை, "கலைஞன் தன்னை விற்கலாமா" என்று மேடையில் பேசுகிறவர்கள் யாரும் நம் மின்கட்டணத்தைக் கட்டப்போவதில்லை.

ஆனால் இதற்கு முன்னால் விற்றவர்களின் கதை இருக்கிறது, அதைக் கேட்டுவிட்டுப் போடுங்கள் கையெழுத்தை. அமெரிக்காவில் சூசன் பென்னட் என்று ஒரு குரல் கலைஞர். 2005 ஜூலை மாதம் முழுக்க, வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், அர்த்தமே இல்லாத வாக்கியங்களாகப் படித்துக் கொடுத்தார். ஏதோ தொலைபேசிச் சேவைக்கு என்று நினைத்திருந்தார். 2011 அக்டோபரில் ஆப்பிள் புதுப் போனில் சிரி என்ற பேசும் உதவியாளரைக் கொண்டுவந்தது, சக கலைஞர் ஒருவர் எழுதிக் கேட்டார், இது உன் குரல்தானே என்று. அவருக்குக் கிடைத்தது அன்று பேசிய மணிக்கான கூலி மட்டும்.

கனடாவின் பெவ் ஸ்டாண்டிங் இன்னொருவர். மொழிபெயர்ப்புக்கு என்று 2018இல் பேசிக் கொடுத்த குரல் டிக்டாக்கில் யார் எதை எழுதினாலும் படிக்கும் குரலாக வந்து நின்றது, கெட்ட வார்த்தை உட்பட. 2021 மே மாதம் வழக்குப் போட்டார், அந்தக் குரலை டிக்டாக் மாற்றியது, அதே வருடம் செப்டம்பரில் சமரசம் ஆனது.

எனக்கு ராத்திரித் தூக்கம் போனது மூன்றாவது கதையில். நியூயார்க்கில் பால் லேர்மன், லினியா சேஜ் என்று ஒரு தம்பதி, இரண்டு பேரும் குரல் கலைஞர்கள். இணையத்தில் வேலை பிடிக்கும் ஒரு தளம் வழியாகத் தனித்தனியாக வந்த சின்ன வேலைகள், ஒருவருக்கு 1,200 டாலர், மற்றவருக்கு 400. வெளியே எங்கும் வராது என்று சொல்லித்தான் பேச வைத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் வழக்கு. 2023இல் காரில் போகும்போது ஒரு பாட்காஸ்ட் கேட்கிறார்கள், ஹாலிவுட் வேலைநிறுத்தம் பற்றியும் ஏஐ பற்றியும் பேச்சு, அதில் பேசுகிற இயந்திரக் குரல் லேர்மனுடையது! லோவோ என்ற ஏஐ குரல் கம்பெனி மேல் 2024 மே மாதம் வழக்குப் போட்டார்கள். 2025 ஜூலையில் நீதிபதி, பதிப்புரிமை, வணிகக்குறி சார்ந்த வாதங்களில் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டார். நியூயார்க் மாநிலச் சட்டத்தின் கீழ் வந்த கோரிக்கைகளும் ஒப்பந்த மீறல் கோரிக்கையும் மேலே நடக்கலாம் என்றார். இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. பதிவுக்குப் பதிப்புரிமை உண்டு, குரலுக்கு இல்லை. கடைசியில் கைகொடுக்கும் கயிறு, நாம் என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டோம் என்பதுதான்.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் அவ்வளவு மோசமில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகலைஞர் உரிமை என்று 38ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது, 50 வருடம் நிற்கும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் எவ்வளவு என்று குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். 2012 திருத்தத்தில் இன்னொன்றும் சேர்த்தார்கள்: ஒப்பந்தம் போட்ட நாளில் இல்லாத ஒரு புது ஊடகத்துக்கு, அதை வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, அந்த ஒப்பந்தம் செல்லாது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் பெரும்பாலும் ஒப்பந்தம் வாய்மூடி இருக்கும் இடத்தில்தான் வேலை செய்யும், எனக்கு வந்த 14 பக்கமோ எங்கேயும் வாயை மூடவில்லை. "என்றென்றைக்கும்", "உலகம் முழுவதும்", "இன்றுள்ள, இனி வரப்போகும் எந்த வடிவத்திலும்", "மூன்றாம் தரப்பினருக்கு வழங்கும் உரிமையுடன்". நான்கும் நான்கு வெவ்வேறு பக்கத்தில். வக்கீல் வைத்து எழுதியிருக்கிறார்கள், நம் சட்டத்தை நம்மைவிட நன்றாகப் படித்தவர்.

இரண்டாவது வழியைச் சொல்லும் முன்னால் நான் இருக்கும் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். செம்பூரில் 11 மாத அக்ரிமென்ட் வீடு. மும்பையில் வாடகைக்கு இருக்கும் எல்லாருக்கும் இந்த 11 மாதம் தெரியும். யார் யார் தங்கலாம், கடை வைக்கக் கூடாது, உள்வாடகைக்கு விடக் கூடாது, டெபாசிட் எவ்வளவு, காலம் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், இருக்க வேண்டுமென்றால் புதுசாக எழுதி வாடகையைக் கூட்ட வேண்டும். 350 சதுர அடிக்கு இத்தனை நிபந்தனை! என் வீட்டுக்காரர் என் மீன் குழம்பு வாசனைக்குக்கூட ஒரு வரி சேர்க்கப் பார்த்தார். இந்த ஊரில் இருந்துகொண்டு என் தொண்டையை மட்டும் நிபந்தனையே இல்லாமல் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

ஆக இரண்டாவது வழி, குரலை 11 மாதத்துக்கு விடுவது. 11 என்பது பேச்சுக்கு, ஒரு வருடமோ இரண்டு வருடமோ இருக்கட்டும். எதற்குப் பயன்படுத்தலாம் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும், இந்த ஆப், இந்தச் சேவை என்று. உள்வாடகை கூடாது, அதாவது அவர்கள் வேறொரு கம்பெனிக்கு என் குரலைக் கைமாற்றக் கூடாது. அரசியல் பிரசாரம், ஆபாசம், சூதாட்டம், கடன் ஆப் கிடையாது. காலம் முடிந்தால் பதிவையும், அதைக் கொண்டு என் குரலில் பேசப் பழக்கிய ஏஐ மாதிரியையும் (மாடல்) எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஒரு தொகை.

இது கற்பனை இல்லை. அமெரிக்காவில் நடிகர் சங்கம் 2023இல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து, டிஜிட்டல் நகல் செய்ய ஒப்புதலும் ஊதியமும் கட்டாயம் என்று ஒப்பந்தத்தில் ஏற்றியது. வீடியோ கேம் குரல் கலைஞர்கள் 2024 ஜூலையில் இதே விஷயத்துக்காகத் தனியாக இறங்கி 2025 வரை நின்றார்கள். நம் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 2024இல் லால் சலாம் படப் பாட்டு ஒன்றில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது என்று மறைந்த இரண்டு பாடகர்களின் குரலை ஏஐ கொண்டு ஏ.ஆர்.ரஹ்மான் பயன்படுத்தினார், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி உரிய ஊதியமும் அனுப்பியதாக அவரே சொன்னார். அதே வருடத் தொடக்கத்தில் எஸ்.பி.பி.யின் குரலைக் கேட்காமல் எடுத்துப் போட்டதாக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவர் மகன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும் நடந்தது. இறந்தவர்கள் விஷயத்திலேயே கேட்டுச் செய்வது, கேட்காமல் செய்வது என்று இரண்டு வழி தெளிவாகத் தெரிகிறது. உயிரோடு இருந்து போனை எடுக்கிற எனக்கு அது பொருந்தாதா என்ன?

இந்த வழியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தால் வீடு காலி. குரலில் பழகிய ஒரு மாதிரியை "எடுத்துவிட்டோம்" என்று அவர்கள் மெயில் போட்டால் நான் எப்படிச் சரிபார்ப்பது? இன்னொன்று, பேரம். அங்கே பேசியது ஒரு சங்கம். இங்கே நான் ஒருத்தி, வாட்ஸ்அப்பில், மறுபக்கம் ஒரு கம்பெனியின் வக்கீல். நான் மாட்டேன் என்றால் அவர்கள் அடுத்த பெயருக்குப் போவார்கள், அடுத்த பெயரும் அந்தேரியில் அதே டீக்கடையில்தான் நிற்கும்.

அப்படியிருந்தும் பேரத்துக்கு ஒரு பிடி இருக்கிறது, அதை இந்த மெயிலைப் பத்துத் தடவை படித்த பிறகுதான் கண்டுகொண்டேன். 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் வால்-இ என்று ஒன்றைக் காட்டினார்கள், 3 நொடிப் பேச்சைக் கேட்டே ஒருவர் குரலைப் போலப் பேசியது. சூசன் பென்னட் காலத்தில் பதிவை ஒலித்துண்டுகளாக வெட்டி ஒட்டினார்கள், அதனால் மணிக்கணக்கில் வேண்டியிருந்தது. இப்போதைய முறையில் குரலின் சாயலைப் பிடிக்கக் கொஞ்சம் போதும். என் விளம்பரங்கள் யூடியூபில் எத்தனையோ கிடக்கின்றன. அப்புறம் எதற்கு எனக்கு இரண்டரை லட்சம்? மூன்று நொடியில் வருவது சாயல், எல்லா உணர்ச்சியிலும் தடுமாறாமல் மணிக்கணக்கில் பேச ஸ்டுடியோவில் சுத்தமாக எடுத்த பதிவு வேண்டும், அது ஒன்று. அதைவிட முக்கியம், நாளைக்கு யாரும் வழக்குப் போடாத குரல் என்று காட்ட ஒரு தாள் வேண்டும். குரலுக்கு எவ்வளவோ அவ்வளவு என் கையெழுத்துக்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகை. இது தெரிந்ததும் எனக்கு முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

மூன்றாவது வழி, நம் குரலை நாமே இயந்திரத்தில் பழக்கி, குரல் சந்தைத் தளங்களில் போட்டு, யாராவது பயன்படுத்தும்போதெல்லாம் காசு வாங்குவது. பெயர் நம் கையில், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்பது நல்லது. ஆனால் யார் எதைப் படிக்க வைக்கிறார்கள் என்று நாம் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது, ஆங்கிலக் குரலுக்கு இருக்கும் கிராக்கி தமிழுக்கு இல்லை, தெரிந்த ஒருவர் போட்டுப் பார்த்துவிட்டு "மாசத்துக்கு ஒரு வடாபாவ் காசு" என்றார். நான் இதில் மேற்கொண்டு நேரம் செலவிடவில்லை.

நான்காவது, தானம். மோசில்லாவின் காமன் வாய்ஸ் தளத்தில் தமிழும் உண்டு, யார் வேண்டுமானாலும் வாக்கியங்களைப் படித்துக் கொடுக்கலாம். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 22 இந்திய மொழிகளில் பேச்சுப் பதிவு சேகரிக்கிறது. பார்வையில்லாதவர்களுக்குப் புத்தகம் படிக்க, படிப்பறிவில்லாத பாட்டி போனிடம் பேச, இதெல்லாம் தேவைதான், என் அம்மாவுக்கே தேவை. காமன் வாய்ஸில் நூற்றுக்கணக்கானவர்களோடு சேர்ந்து பத்து வாக்கியம் படிப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அங்கே உரிமம் சிசி0, அதாவது எந்த உரிமையையும் நம் கையில் வைத்துக்கொள்ளாமல் கொடுப்பது, வியாபாரத்துக்கும் எடுக்கலாம். தொழில் குரல் 20 மணி நேரத்தை அப்படிக் கொடுப்பது அன்னதானத்துக்குப் போய் அடுப்பையே கொடுத்துவிட்டு வருவது மாதிரி.

ஐந்தாவது வழி, பூட்டி வைப்பது. யாருக்கும் கொடுப்பதில்லை, முடிந்தது. என் சிநேகிதி ஒருத்தி இதில்தான் இருக்கிறாள், மெயிலைத் திறக்காமலே அழித்துவிட்டாள். அவளிடம் நான் கேட்டது, கேட்காமல் எடுத்தால் என்ன செய்வாய்? "கோர்ட் இருக்கு. அரிஜித் சிங் ஜெயிச்சாரே" என்றாள். உண்மைதான். 2024 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம், ஹிந்திப் பாடகரான அவர் குரலை அனுமதியில்லாமல் ஏஐ கொண்டு உருவாக்கும் கருவிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. அதற்கு முந்தின வருடம் டெல்லி உயர் நீதிமன்றம் ஹிந்தி நடிகர் அனில் கபூரின் பெயர், உருவம், குரல் எல்லாவற்றுக்கும் பாதுகாப்புக் கொடுத்தது. 2025இல் பாடகி ஆஷா போஸ்லேவும் பம்பாய் நீதிமன்றத்தில் அப்படியே வாங்கினார்.

ஆனால் அந்த உத்தரவுகளின் அடிப்படை என்ன? அவர்கள் பிரபலங்கள், குரலைக் கேட்டதும் ஆளைத் தெரியும், அந்த அடையாளத்தை இன்னொருவர் காசாக்கக் கூடாது என்பது. என் குரல் எத்தனை வீட்டு டிவியில் கேட்டிருக்கும், என் பெயர் தெரிந்தவர் ஸ்டுடியோ வாட்ச்மேன். "இது யார் குரல்" என்று தெருவில் நிறுத்திக் கேட்டால் "ஏதோ சோப்பு விளம்பரம்" என்பார்கள். அந்தக் கவசம் அரிஜித் சிங் அளவுக்குத் தைத்தது, எனக்குத் தொளதொளவென்று இருக்கும். அதனால் பூட்டி வைப்பது தப்பு என்று சொல்லவில்லை, பூட்டு எவ்வளவு கனம் என்று தெரிந்து பூட்டுங்கள். பூட்டி வைக்கிறவரும் சும்மா இருக்க முடியாது, சாதாரண டப்பிங் வேலைக்குக் கையெழுத்துப் போடும் வவுச்சரிலேயே "இந்தப் பதிவை ஏஐ பழக்கப் பயன்படுத்தக் கூடாது" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் ஆறு மாதமாக எழுதுகிறேன். இரண்டு ஸ்டுடியோவில் சிரித்தார்கள், ஒரு இடத்தில் அக்கவுன்ட்ஸ் பையன் "மேடம், இதுக்கெல்லாம் பார்மட் கிடையாது" என்றான், ஆனாலும் செக் வந்தது.

இன்னொரு வழி இருக்கிறது, மெயிலில் இல்லாத வழி. இயந்திரம் எதில் தடுக்கி விழுகிறதோ அந்த இடத்துக்கு நகர்ந்துகொள்வது.

தமிழில் எழுதியதை இயந்திரம் படிக்கும்போது எங்கே வழுக்குகிறது என்று பாருங்கள். "கேஸ் தீர்ந்துபோச்சு", "கேஸ் போட்டுட்டான்". எழுத்து ஒன்றுதான், ஒன்று அடுப்பு, ஒன்று கோர்ட்டு. "பேபி பவுடர்" என்பதில் இருக்கும் மூன்று பகரத்தில் முதல் இரண்டு ஒரு மாதிரி, மூன்றாவது வேறு மாதிரி. நமக்கு யோசிக்கவே வேண்டாம். போன வாரம் ஒரு இயந்திரக் குரல் அதைப் படித்ததைக் கேட்டேன், குழந்தைக்குப் போடுவதா பேய்க்குப் போடுவதா என்று ஸ்டுடியோவே சிரித்தது. சரி, இதையெல்லாம் ஒருநாள் திருத்திவிடுவார்கள், இதை நம்பித் தொழில் நடத்த முடியாது.

திருத்த நாளாகும் இடம் வேறு. "ம்" என்ற ஒரு எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு ஒரு ம், சம்மதத்துக்கு ஒரு ம், சந்தேகத்துக்கு ஒரு ம், மாமியார் சொல்லும் ம், "பார்த்துக்கிறேன்" என்று பல்லைக் கடிக்கிற ம். "போங்க" என்பதில் விரட்டலும் இருக்கிறது, வெட்கமும் இருக்கிறது. எது எப்போது என்பது வாக்கியத்தில் எழுதியிருக்காது, எதிரில் யார் நிற்கிறார் என்பதில் இருக்கும்.

அதைவிடப் பெரியது மொழிபெயர்ப்பு. ஹிந்தி விளம்பரத்தின் வரி கைக்கு வரும்போது "வாயை இனிப்பாக்குங்கள்" என்று வரும். எந்த வீட்டில் சொல்வார்கள்? "முதல்ல ஸ்வீட் எடுத்துக்கோங்க" என்று மாற்றுவேன். ஆனால் திரையில் நடிகையின் உதடு இரண்டாவது அசையில் மூடுகிறது, அங்கே எனக்கு ஒரு ப-வோ ம-வோ வேண்டும், வாக்கியம் ஒன்றரை நொடிக்குள் முடிய வேண்டும், தமிழோ ஹிந்தியைவிட நீளும். "ம்ம், முதல்ல இனிப்பு!" என்று வைப்பேன். இந்த இடத்தில் இயந்திரம் செய்வது வாக்கியத்தை வேகமாக ஓட்டுவது, கடன்காரன் துரத்துகிற மாதிரி. இரண்டு வருடமாக எனக்குப் பேசும் வேலை குறைந்த அளவுக்கு இந்த வேலை கூடியிருக்கிறது: வந்த தமிழை ஆள் பேசுகிற தமிழாக மாற்றுவது, மற்றவர்கள் பேசும்போது மைக்குக்கு வெளியே நின்று டைரக்ட் செய்வது, இயந்திரம் பேசியதைக் கேட்டு எங்கே பிசகு என்று குறித்துக் கொடுப்பது. கடைசி வேலை எனக்கு உறுத்துகிறது, எனக்குப் போட்டியாக வரும் குழந்தைக்கு நானே பல் தேய்த்து விடுகிறேன். காசு மணிக்கணக்கில் வருகிறது, செய்கிறேன்.

இந்த வழி எல்லாருக்கும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு இருபது வருடப் பழக்கம், நான்கு டைரக்டர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்தத் தம்பிக்கு மூன்று வருடம்தான். மேலே ஏற வேண்டிய ஏணியின் கீழ்ப்படிகள்தான் முதலில் உடைந்தன, ஸ்க்ராட்ச் போனதைச் சொன்னேனே. அவனைப் போய் "டைரக்டராகிவிடு" என்றால் நன்றாகவா இருக்கும்?

ஆகவே எனக்குப் பொருந்தியது ஒன்று, அவனுக்குப் பொருந்தியது ஒன்று.

நான் மெயிலுக்கு நான்கு திருத்தம் போட்டு அனுப்பினேன்: இரண்டு வருடம், இன்னின்ன உபயோகம், உள்வாடகை கூடாது, தடைப்பட்டியல். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. தடைப்பட்டியலில் பாதிக்குச் சம்மதம், உபயோகத்தைப் பட்டியலிடுவதைப் "பரிசீலிக்கலாம்", காலமும் உள்வாடகையும் முடியாது. தொகையை மூன்றரையாக ஏற்றினார்கள். ஏற்றியதைப் பார்த்ததும் எதில் அவர்களுக்கு உயிர் இருக்கிறது என்று புரிந்தது, வேண்டாம் என்று எழுதிவிட்டேன். மூன்றரை லட்சம் போச்சே என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

தம்பி கையெழுத்துப் போட்டான். தங்கச்சி பாளையங்கோட்டையில் நர்சிங் படிக்கிறாள், இந்த வருடக் கட்டணம் நிற்கிறது. நான் தடுக்கவில்லை. இரண்டு விஷயம் மட்டும் கேட்டு வாங்கச் சொன்னேன். அரசியலுக்கும் ஆபாசத்துக்கும் பயன்படுத்தக் கூடாது என்று எழுத்தில், கையெழுத்தான பிரதி ஒன்று கையில். இரண்டும் கிடைத்தது. கடன் ஆப்பைச் சேர்க்கச் சொன்னதற்கு ஒத்துக்கொள்ளவில்லையாம், யாருக்கு விற்கப்போகிறார்கள் என்று அதிலேயே தெரிகிறது.

மூன்றாம் நாள் ரெக்கார்டிங்கின் நடுவில் கூப்பிட்டான்.

"அக்கா, இன்னிக்கு அழுகை. நானூறு வாக்கியம் அழுதுக்கிட்டே படிக்கணுமாம். எதை நினைச்சு அழுவுறதுன்னே தெரியல."

"இருபதுக்கு மேல நிஜமா அழாதே, தொண்டை போயிடும். மூச்சுல மட்டும் அழு. நடுவுல வெந்நி குடி, ஏசியைக் குறைக்கச் சொல்லு."

"சரிக்கா" என்று வைத்துவிட்டான், உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.